கரியபோளமும் வேர்க்கொம்பும்

1909-ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்திய சங்கம் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தின் பட்டினங்களிலும் கிராமங்களிலும் அமோகமாக விற்பனையாகிவந்த இரகசிய மருந்துகளைக் கடைகளில் விலைகொடுத்து வாங்கி, இரசாயன சாலையில் ஒவ்வொன்றாகப் பகுத்து ஆராய்ந்து, இதற்குள் இருப்பது இன்னது, இதைச் செய்யப் பிடிக்கும் செலவு இவ்வளவு, இதற்கு வாங்கப்படும் விலை இவ்வளவு என்று பட்சபாதமின்றி எழுதிவைத்த நூல் அது. மருந்து விளம்பரங்களின் வருமானத்தில் வாழ்ந்த பத்திரிகைகள் பல, அந்நூல் வெளிவந்த செய்தியை விளம்பரமாகப் பிரசுரிக்கவும் மறுத்துவிட்டன.

அந்நூல் பகுத்துக் காட்டிய மருந்துகளுள் உலகப் பிரசித்தி பெற்றது பீச்சம் குளிகை. ஒரு பெட்டியில் 56 குளிகைகள். விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. அஜீரணம், தலைச்சுற்று, பசியின்மை, நித்திரைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி என நீண்டுசெல்லும் வியாதிகளுக்கெல்லாம் அது ஒன்றே பரிகாரம் என்று விளம்பரம் கூறிற்று. பகுத்துப் பார்த்தபோது குளிகையில் இருந்தவை மூன்றே: கரியபோளம், இஞ்சித் தூள், சவர்க்காரத் தூள். ஒரு பெட்டிக் குளிகைக்கு வேண்டிய சரக்கு முழுவதற்கும் ஆகும் செலவு அரைப் பார்திங். அதாவது, விற்ற விலையில் நூற்றெட்டில் ஒரு பங்கு.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஒரு விஷயம் உடனே புலப்படும். கற்றாழை மடலை அறுத்து வடியவிட்ட மஞ்சட் சாற்றைக் காய்ச்சி இறுக்கினால் கிடைக்கும் கருநிறப் பொருளே கரியபோளம். மூசாம்பரம் என்றும் மருந்துச் சரக்கு விற்போர் சொல்வர். கற்றாழையோ நமது மணற்பாங்கான வெளிகளிலும் வேலியோரங்களிலும் நீர் விடுவாரின்றியே செழிப்பது. இஞ்சி உலர்ந்தால் வேர்க்கொம்பு. அது இல்லாத அடுக்களை குடாநாட்டில் இல்லை. பெட்டியும் முத்திரையும் படமுமாகச் சமுத்திரம் கடந்து விற்கப்பட்ட அந்த மருந்தின் சாரம், அதை விலைகொடுத்து வாங்கிய கீழ்த்திசை வீடுகளின் வளவிலும் அஞ்சறைப் பெட்டியிலும் முன்னமே இருந்தது.

ஆயினும் பீச்சம் குளிகை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. கரியபோளம் மெய்யாகவே வேலை செய்யும் சரக்கு. அதிலுள்ள அலோயின் என்னும் பொருள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாற்றமின்றிக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் பற்றீரியாக்கள் அதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் குடற்சுவரைத் தூண்டி அதன் அசைவை மிகுவித்து, நீர் உள்ளுறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இராப் படுக்கைக்குப் போகுமுன் உட்கொண்டால் விடியற்காலையில் பேதியாவது இதனால்தான். மருந்து பெருங்குடல்வரை பிரயாணஞ் செய்யவேண்டியிருப்பதால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறது. கரியபோளம் தனியே சென்றால் வயிற்றைப் பிடித்து முறுக்கும்; அந்த முறுக்கை இஞ்சி தணிக்கும் என்பது மேனாட்டாரும் நம்மவரும் ஒருங்கே கைக்கொண்ட அனுபவம். சவர்க்காரம் குளிகையை உருட்டிப் பிடிக்க உதவிற்று. மலச்சிக்கலால் தலைபாரமும் பசியின்மையும் கொண்டிருந்த ஒருவர் காலையில் வயிறு கழிந்து சுகமடைந்தால், அவருக்கு அந்தக் குளிகையில் நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஒரு வியாதிக்கு உதவும் சரக்கை நூறு வியாதிக்கு உரியதாக்கியதும், சரக்கின் பெயரை மறைத்ததுமே குற்றங்கள்.

இந்த வியாபாரத்தின் பெருவேந்தர் தாமஸ் ஹொலோவே. 1837-ஆம் ஆண்டில் ஒரு களிம்போடு தொடங்கிக் குளிகையையும் சேர்த்துக்கொண்ட அவர், தம் ஆயுளின் இறுதியில் விளம்பரத்துக்கு மாத்திரம் வருஷந்தோறும் ஏறத்தாழ 50,000 பவுண் செலவிட்டார். பிரித்தானியக் கப்பல்கள் போகும் துறைமுகங்களுக்கெல்லாம் அவருடைய குளிகைகளும், அவற்றைப் புகழும் பத்திரங்களும் அந்தந்த நாட்டுப் பாஷைகளிலேயே சென்றன. அக்குளிகையின் முக்கிய சரக்கும் கரியபோளமே. திரட்டிய திரவியத்தில் ஒரு பகுதியைக்கொண்டு அவர் கட்டிய பெண்கள் கல்லூரியை 1886-இல் விக்ரோறியா மகாராணியாரே திறந்துவைத்தார். இன்றும் அது இலண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒரு கல்லூரியாக விளங்குகிறது.

இத்தகைய மருந்துகளைப் பேற்றன்ட் மருந்துகள் என்று உலகம் அழைத்தபோதிலும், அவற்றுட் பெரும்பாலானவற்றின் சொந்தக்காரர் அரசாங்கத்தில் உரிமைப் பத்திரம் பெற்றவரல்லர். பெறவேண்டுமானால் செய்முறையை வெளியிடவேண்டும்; வெளியிட்டால் எவரும் அதன் எளிமையைக் கண்டுகொள்வர். ஆகவே பெயரையும் முத்திரையையும் மாத்திரம் காத்து, உள்ளிருப்பதை மறைத்துவைத்தனர். இங்கிலாந்தில் விஷ மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்த 1868-இல் இயற்றப்பட்ட சட்டமும் இந்த மருந்துகளுக்கு விலக்களித்தது. அரசாங்கத்துக்கோ ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டப்பட்ட முத்திரை வரியால் வருமானம் வந்துகொண்டிருந்தது. அதனால் அபின் கலந்த பானங்கள் பலசரக்குக் கடைகளிலேயே விற்கப்பட்டன. பால்குடி மாறாத குழந்தைகளை உறங்கவைக்கும் பாகு என்று சொல்லி விற்ற மருந்துகளில் மோர்பீன் இருந்ததை அறியாமலே தாய்மார் கரண்டியில் வார்த்துக் கொடுத்தனர். அப்படி உறங்கிய குழந்தைகளிற் சில பிறகு விழிக்கவேயில்லை.

வீட்டு வைத்தியமும் அக்காலத்து இங்கிலாந்தில் செழித்தே இருந்தது. 1861-இல் வெளியான பீற்றன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூல் சமையற் குறிப்புகளுக்காகப் புகழ்பெற்றதாயினும், அதனுள் வைத்தியத்துக்கும் ஒரு பகுதி உண்டு. வீட்டில் எப்போதும் சேமித்து வைத்திருக்கவேண்டிய மருந்துகளாக அது கூறுவனவற்றுள் அபினின் சாராயக் கரைசலும், பாதரசச் சேர்க்கையாகிய கலோமெலும் இடம்பெற்றுள்ளன. நமது பாட்டிமாரின் அலுமாரியில் இருந்த மல்லி, நற்சீரகம், உள்ளி, திப்பிலி, ஓமம், பனங்கற்கண்டு ஆகியவற்றை அந்த அட்டவணையோடு ஒப்பிடும்போது, அக்காலத்து யாழ்ப்பாணக் குழந்தைகள் ஒரு விதத்தில் பாக்கியசாலிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த விக்ரோறியா காலத்தில் யாழ்ப்பாணத்தின் வைத்திய நிலை எவ்வாறிருந்தது? சிறு நோய்க்கு வீட்டு மருந்து. அது தணியாவிட்டால் பரியாரியார். தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கும் பத்தியக் கறியும், உழுக்குக்கு எண்ணெயும் ஒத்தடமும் என்று ஊரறிந்த ஒழுங்குகள் இருந்தன. பரியாரியாரின் கல்விக்கு ஆதாரமாய் நின்றவை தமிழ் மன்னர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் தேடித் திரட்டி அச்சேற்றியது இருபதாம் நூற்றாண்டிலேதான். அதுகாறும் அது ஏட்டிலே, அதுவும் பல வீடுகளிலே பகுதி பகுதியாக, தந்தையிடமிருந்து மைந்தனுக்கும் ஆசிரியரிடமிருந்து அந்தரங்க மாணாக்கனுக்கும் கைமாறி வந்தது.

இங்கே ஓர் உண்மையை மனம்விட்டுச் சொல்லியாகவேண்டும். வீட்டு மருந்து எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. மருந்தின் பெயர், அளவு, பக்குவம், பத்தியம் எல்லாவற்றையும் அயல்வீட்டுப் பெண்மணி வேலிக்கு அப்பால் நின்றே சொல்லிக்கொடுத்தாள். பரியாரியாரின் விசேஷ மருந்தோ அப்படியன்று. தலைமுறை தலைமுறையாகக் காத்த செந்தூரமும் பற்பமும் குடும்ப இரகசியம். அதைப் பிறருக்கு வெளியிட்டால் பலிக்காது என்ற நம்பிக்கையும் உண்டு. ஹொலோவேயின் இரகசியத்துக்குக் காரணம் இலாபம். நமது முன்னோரின் இரகசியத்துக்குக் காரணம் பெரும்பாலும் பயபக்தியும், தகுதியற்றவர் கையில் போய்விடுமே என்ற அச்சமும். காரணங்கள் வேறாயினும் நோயாளியைப் பொறுத்தவரை விளைவு ஒன்றே: தான் உட்கொண்டது யாதென்று அவன் அறியான், அது பலித்ததா, தானாகவே நோய் தீர்ந்ததா என்று பிறரும் சோதித்தறிய வழியில்லை. மருந்துகளை ஆங்கில மருந்து, தமிழ் மருந்து என்று பிரித்து வாதாடுவதில் நாம் நூறாண்டுக்கு மேல் செலவிட்டுவிட்டோம். மறைத்த மருந்து, திறந்த மருந்து என்ற பிரிவே அதைவிட முக்கியமானது என்பது என் துணிபு.

அமெரிக்க மிஷனின் மருத்துவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது நிலைமை இதுவே. 1820-இல் பண்டத்தரிப்பில் பணிதொடங்கிய ஜோன் ஸ்கடரே அவர்களுள் முதல்வர். எனினும் இந்த மண்ணில் ஆழமாக வேரூன்றியது, மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822-இல் பிறந்து, 1847-இல் இங்கே வந்து, மறு வருஷம் மானிப்பாயில் நிலைகொண்ட டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் பணி. முதலில் பத்தாண்டுகள், பின்பு 1862 முதல் 1873 வரை என இரு முறையாக அவர் இங்கு வாழ்ந்தார். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞரை அவர் வைத்தியராக்கினார். ஆங்கிலத்திலே தொடங்கிய போதனையைப் பின்னர் தமிழுக்கு மாற்றி, 33 பேரை முழுவதும் தமிழிலேயே பயிற்றினார்.

அவர் மதப்பிரசாரத்துக்காக வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. தமது கல்லறையில் தமிழருக்கு வைத்தியத் தொண்டர் என்று பொறிக்க விரும்பியவரும் அவரே. ஆயினும், உடற்கூறும் இரண சிகிச்சையும் பிரசவ வைத்தியமும் இரசாயனமும் கற்பிக்கும் பெருநூல்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கி அச்சேற்றிய அந்த உழைப்பு, எந்த மதத்தாரும் நன்றியோடு நினைக்கத்தக்கது. 1872-இல் வைத்தியாகரம் வெளிவந்தது. 1875-இல் கெமிஸ்தம் வெளிவந்தது. நாடு திரும்பிய பின்னரும் 1884-இல் காலமாகும்வரை அவர் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டேயிருந்தார். இந்தியாவின் மருந்துச் சரக்குகளைப் பற்றி எட்வேட் ஜோன் வேரிங் தொகுத்த, 1868-இல் வெளியான அதிகாரபூர்வமான நூலும் இந்து பதார்த்த சாரம் என்ற பெயரில் தமிழுருப் பெற்றது. அந்த நூலில் நமது நிலவேம்பும் கற்றாழையும் கடுக்காயும் இஞ்சியும், குணம் இது, பாகம் இது, அளவு இது என்று அச்செழுத்திலே நின்றன. ஹொலோவேயின் குளிகை தன்னுள் ஒளித்துவைத்த அதே கரியபோளத்தை, எவரும் படித்தறியும்படி ஒரு சாதாரண சரக்காகத் தமிழிலே எழுதிவைத்தது இந்த மரபு.

கிறீன் கால வைத்தியம் எல்லா நோய்க்கும் மருந்து கண்டிருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. அதன் பலவீனத்தை முற்றாக வெளிப்படுத்தியது வாந்திபேதி. 1866-ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தை அந்நோய் கொடூரமாகத் தாக்கியபோது கிறீனும் அவருடைய மாணாக்கரும் ஊரூராகச் சென்று உழைத்தனர். நமது குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே சிந்தியது எதுவும் அதன் வெடிப்புகளினூடாக விரைவில் கிணற்று நீரைச் சென்றடையும். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டு வாழும் ஊரில், மாரி தொடங்கியதும் ஒரு வீட்டு நோய் ஒரு கிராமத்தின் நோயாகிவிடும். நீரின் வழியே அது பரவுகிறது என்று இலண்டனில் ஜோன் ஸ்னோ 1854-இலேயே காட்டியிருந்தும் வைத்திய உலகம் முழுவதும் அதை ஏற்கவில்லை. கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் அதன் கிருமியை உறுதிப்படுத்தியது 1884-இல்.

அந்நோய்க்கு மேனாட்டார் நம்பிய மருந்து யாது? சிலர் கலோமெல் கொடுத்தனர். சிலர் அபின் கொடுத்தனர். பேதியாகும் நோயாளிக்குப் பேதி மருந்தே கொடுத்தவர்களும் உண்டு. பேற்றன்ட் மருந்துகளுள் இதற்கென்றே பெயர்பெற்றது குளோரடைன். இந்தியாவில் படை வைத்தியராயிருந்த ஜோன் கோலிஸ் பிறவுண் என்பவர் 1848-இல் கண்டமைத்த அந்தத் திரவத்தில் மோர்பீனும் குளோரோபோமும் கஞ்சாச் சாறும் இருந்தன. கீழ்நாடுகளுக்குப் புறப்பட்ட வெள்ளையர் பலரும் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டே கப்பலேறினர். சாதாரண வயிற்றுப்போக்கில் அது உதவியது மெய். மோர்பீன் குடலின் நரம்புகளில் உள்ள சில ஏற்பிகளோடு பொருந்தி, குடலின் அசைவை மந்தப்படுத்தும்; வலியும் தணியும். ஆனால் வாந்திபேதியில் குடல் வேகமாக அசைவது பிரதான கேடன்று. கிருமி வெளிவிடும் நஞ்சு குடற்சுவரின் கலங்களுக்குள் ஒரு விசையைத் திருப்பிவிட்டு மூடவிடாமற் செய்கிறது. குளோரைட்டு உப்பு குடலுக்குள்ளே பாய, அதைத் தொடர்ந்து சோடியமும் நீரும் பாய்கின்றன. கடும் நோயில் மணிக்கு ஒரு லீற்றர் நீர் இவ்வாறு போகும். அபின் கொடுத்தால் வெளியே போவது குறைந்ததுபோல் தோன்றும். நீரோ இரத்தத்தை விட்டுக் குடலிலே தேங்கியிருக்கும். நோயாளி சாந்தமாகக் கிடப்பதைக் கண்டு உறவினர் ஆறுதலடைந்திருக்கையில், அவனுடைய இரத்தம் நீர்வற்றித் தடித்துக்கொண்டே போகும். மறைத்த மருந்துகளுள் இதைப்போல் என்னை வருத்துவது வேறில்லை. ஏனெனில், இதில் மருந்தின் மெய்யான சக்தியே நோயின் மெய்யான அபாயத்தை மூடி மறைத்தது.

சரியான வழியை ஒருவர் முன்னமே கண்டிருந்தார் என்பது துக்ககரமான செய்தி. 1832-இல் ஸ்கொத்லாந்தின் லீத் பட்டினத்தில் தாமஸ் லற்றா என்னும் வைத்தியர், நோயாளிகள் இழந்த நீரையும் உப்பையும் நாளத்தின் வழியே திருப்பிச் செலுத்தி, மரணத்தறுவாயிலிருந்த சிலரை எழுப்பினார். அவருக்கு அந்த எண்ணத்தை அளித்தது, நோயாளியின் இரத்தத்தைப் பகுத்து அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் காட்டிய ஓஷோனசியின் ஆராய்ச்சி. பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து கஞ்சாவை ஐரோப்பிய வைத்தியத்துக்கு அறிமுகஞ் செய்தவரும் இந்த ஓஷோனசியே. ஆராய்ச்சி பத்திரிகையிலே வெளிவந்தும் உலகம் அதை மறந்தது. கஞ்சாச் சாறு கலந்த குளோரடைனோ நூறாண்டுக்கு மேல் விற்பனையாயிற்று.

நாளத்தின் வழியே செலுத்துவதற்குத் தூய கருவியும் பழகிய கையும் வேண்டும். வாயாலேயே கொடுத்துத் தீர்க்கும் வழி 1960-களிலே தெளிந்தது. வாந்திபேதியின் நஞ்சு குடற்கலத்தின் ஒரு வாயிலைக் கெடுத்தாலும், குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே அனுமதிக்கும் மற்றொரு வாயிலை அது தொடுவதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் தக்க அளவிலே கலந்த நீரைக் குடித்தால், உப்போடு நீரும் உடம்பிற் சேரும். 1968-இல் டாக்காவில் நலின், காஷ் என்னும் இரு வைத்தியர் இதை நோயாளிகளிலே நிரூபித்தனர். 1971-இல் வங்காளத்து அகதி முகாமொன்றிலே திலீப் மகலனபிஸ் என்னும் வைத்தியர் பல்லாயிரவரை இந்த நீரால் காத்தார். உலக சுகாதார தாபனம் இப்பொழுது விதிக்கும் அளவு: ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். நமது நாட்டில் ஜீவனி என்ற பெயரில் சிறு பொதியாக விற்கப்படுவது இவ்வகைக் கலவையே. ஹொலோவே ஆயுட்காலம் முழுவதும் விற்ற குளிகைகள் அத்தனையும் காப்பாற்றியிராத உயிர்களை, தன் உள்ளடக்கத்தை உலகம் அறியச் செய்துவிட்ட இந்த உப்புக் கலவை காப்பாற்றியிருக்கிறது.

இதில் நமது அடுக்களைக்கும் ஒரு பங்குண்டு. 1980-களில் வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் நடந்த பரிசோதனைகள், குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைக் கொதிக்கவைத்து உப்புகளைச் சேர்த்தாலும் பலனுண்டு என்றும், வாந்திபேதியில் கழியும் நீரின் அளவு அதனால் இன்னுங் குறைகிறது என்றும் காட்டின. மாப்பொருள் குடலிலே மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைவதால் நீரை வெளியே இழுக்கும் சக்தி அதற்குக் குறைவு. உப்பிட்ட அரிசிக் கஞ்சி என்பது இதன் அயல் உறவு. 1877-இல் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசியாற்றினார். பசிக்கு வார்த்த அக்கஞ்சியில் உப்பின் அளவை மட்டும் அறிந்து பேதி கண்டவருக்கும் இடைவிடாது ஊட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அக்காலத்தில் நாவலரும் அதை அறியார், கிறீனும் அறியார், இலண்டனிலும் எவரும் அறியார். பேதி கண்டவருக்கு நீர் ஆகாது என்று தடுத்த பழக்கமும் இரு பக்கத்தாரிடமும் இருந்தது.

காய்ச்சல் மருந்திலோ ஒரு நல்ல முடிவு நிகழ்ந்தது. வாபேக்கின் கஷாயம் என்ற இரகசிய மருந்தொன்று 1834 முதல் வெப்ப நாடுகளின் முறைக்காய்ச்சலுக்கு அற்புதமெனப் புகழப்பட்டது. 1875-இல் அதன் செய்முறை வெளியிடப்பட்டபோது, கரியபோளமும் கற்பூரமும் குங்குமப்பூவும் இன்னும் பல சரக்குகளும் சூழ நடுவிலே இருந்தது குயினைன் என்பது தெரிந்தது. சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820-இலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்த அதே குயினைன்தான். திரை விலகியதும், நோயைத் தீர்த்தது எது, அலங்காரமாய் நின்றவை எவை என்று வேறுபடுத்திப் பார்க்க வழி பிறந்தது.

குழந்தை மருந்துகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் விக்ரோறியா காலம் நமது வீடுகளில் இன்றும் உயிரோடிருப்பது அங்கேதான். வூட்வேட் கிறைப் வாட்டர் 1851-இல் நொற்றிங்ஹாமில் பிறந்தது. சதகுப்பை எண்ணெய், சோடாக்காரம், சீனி, சாராயம் என்பவையே அதன் பழைய உள்ளடக்கம். சாராயம் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. சதகுப்பை நமது வைத்தியத்திலும் வழங்கும் சரக்கு. அதனோடு ஒத்த குணமுள்ள ஓமத்தை அவித்த நீரை நமது தாய்மார் எப்போதும் அறிந்திருந்தனர். ஆயினும் வீட்டு மருந்து என்றாலே தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைவளர்ப்பான் என்று செல்லமாக அழைக்கப்படும் வசம்பில் அசரோன் என்னும் பொருள் உண்டு. எலிகளிலே புற்றுநோயை விளைவித்தது காரணமாக அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. நமது தென்னாசிய வசம்பிலே அப்பொருள் மிகுதி. அதைச் சுட்டுக் கருக்கி ஓர் உரையளவே கொடுத்த பழைய கட்டுப்பாட்டை மறந்து, பச்சையாக உரைத்துக் குழந்தைக்குப் புகட்டுதல் ஆபத்து. கோரோசனை என்று சொல்லி விற்கப்படும் மாத்திரையில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று கேட்டு அறியாமல் பச்சிளங் குழந்தையின் வாயில் இடுவதும் அத்தகையதே.

மறைப்பைச் சட்டத்தால் அகற்ற நெடுங்காலம் பிடித்தது. அமெரிக்காவில் 1906-இல் வந்த சட்டம் அபின், மோர்பீன், சாராயம் முதலியவை இருந்தால் சீட்டிலே எழுதவேண்டும் என்றது. இங்கிலாந்தில் இத்தகைய மருந்துகளை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1914 ஆகஸ்டில், உலக யுத்தம் மூண்ட நாட்களிலே வெளிவந்து கவனிப்பாரற்றுப் போயிற்று. உள்ளடக்கத்தை வெளியிடும் கட்டாயம் 1941-இல்தான் வந்தது. இலங்கையில் இந்தப் போராட்டத்தை மற்றொரு படிக்கு உயர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் பல விலைக்கு இறக்குமதியாவதைக் கண்டு, மருந்தை அதன் பொதுப் பெயராலேயே அழைக்கவும் வாங்கவும் வேண்டும் என்று வாதாடி, 1971-இல் தோன்றிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் தலைவராயிருந்து அதைச் செயலிற் காட்டினார். பெரிய கம்பெனிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1977-இல் அவர் காலமானார். அவர் வகுத்த கொள்கை பிற நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று.

பீச்சம் கம்பெனியின் பின்வரலாற்றையும் நேர்மையோடு கூறவேண்டும். கரியபோளக் குளிகையால் வளர்ந்த அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரே 1957-இல் பெனிசிலினின் மூலக் கருவைத் தனியே பிரித்தெடுத்தனர். அம்பிசிலினும் அமொக்சிசிலினும் அதிலிருந்தே பிறந்தன. யாழ்ப்பாணத்தில் இன்று நெஞ்சுச் சளியால் அவதியுறும் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுக்கும் அமொக்சிசிலின், அந்தக் குளிகைப் பெட்டியின் வழித்தோன்றல்.

நமது ஏடுகளுக்கும் அத்தகைய பின்வரலாறு அமையலாகாதா? சீன தேசத்தில் நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர், காய்ச்சலுக்கு ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படி எழுதிவைத்தார். 1970-களின் தொடக்கத்தில் தூ யூயூ என்னும் அம்மையார் அக்குறிப்பைப் படித்து, அவிக்கச் சொல்லவில்லையே என்று கவனித்து, சூடு படாமல் சாரத்தைப் பிரித்து, இன்று மலேரியாவுக்குத் தலையாய மருந்தாக விளங்கும் ஆர்ட்டிமிசினினைக் கண்டார். 2015-இல் நோபெல் பரிசும் பெற்றார். கே ஹொங் அதைக் குடும்ப இரகசியமாக வைத்திருந்தால் அந்த மருந்து இன்று இல்லை. யாழ்ப்பாணத்துப் பரியாரியார் பரம்பரை வீடுகளில் இன்னும் அச்சேறாத ஏடுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் கறையானுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிக் கிடக்கின்றன. கைதடியில் சித்த வைத்தியத்தைப் போதிக்கும் பல்கலைக்கழகப் பிரிவு இருக்கிறது. அந்த வீட்டார் ஏடுகளை அங்கே காட்டிப் படியெடுக்க இணங்கவேண்டும். சரக்கின் பெயர், செடியின் பாகம், எடுக்கும் பருவம், கழஞ்சிலும் வராகனெடையிலும் குறித்த அளவு, பத்தியம் ஆகிய யாவும் ஒன்றும் விடாமல் அச்சாகவேண்டும். பின்பு அவற்றுள் பாதரசமும் பாஷாணமும் சேர்ந்தவை எவை, நோயை மெய்யாகத் தணிப்பவை எவை என்று இரசாயன சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் முறைப்படி சோதிக்கவேண்டும். சோதனையில் தோற்பவை தோற்கட்டும். நூற்றில் ஒன்று வென்றாலும், இன்ன ஊரின் இன்ன ஏட்டில் இன்ன அளவோடு எழுதியிருந்தது என்று அதை உலகத்துக்கு நாம் எடுத்துக்காட்டலாம்.